சென்னை ரோட்டில் ஓடும் காருக்கு வீல், டயர், சஸ்பென்ஷன் எடுக்கும் முன்

ஆற்காடு சாலைப் பக்கம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறேன். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை ஆரம்பித்ததிலிருந்து வடபழனிக்கும் போரூருக்கும் நடுவே ஓடும் கார்கள் எந்தக் கோலத்தில் வருகின்றன என்று தினமும் பார்க்கிறேன். பள்ளத்துக்கு மேல் போட்ட இரும்புத் தகடு, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய மண், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, எல்லாம் ஒரே சாலையில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்றுவிட்டால் எது பள்ளம், எது ரோடு என்றே தெரியாது. இந்த நிலைமைக்குக் காரைத் தயார் செய்ய வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "அண்ணே, பதினாறு இன்ச் அலாய் போட்டா நல்லா இருக்குமா?" என்பதுதான். அலாய் என்றால் அலுமினியக் கலவையில் வார்த்த வீல். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காரணத்தைக் கணக்கோடு காட்டுகிறேன்.

மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை மாடலுக்கு 165/80 ஆர்14 டயர் வருகிறது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், உயரம் என்பது. 14 என்பது ரிம்மின், அதாவது டயர் உட்காரும் உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 132 மி.மீ. ரப்பரும் காற்றும் இருக்கிறது. அதே காரின் உயர்ந்த மாடலில் 185/65 ஆர்15. சைடுவால் 120 மி.மீ. ஆகிவிட்டது. 195/55 ஆர்16 போட்டால் 107. 205/45 ஆர்17 போட்டால் வெறும் 92. நாலு டயரையும் நிறுத்தி அளந்தால் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், 620 மி.மீ. பக்கம். ரிம் பெரிதாகப் பெரிதாகக் குறைவது முழுக்க உங்களைக் காப்பாற்ற வேண்டிய ரப்பர்.

பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதும்போது சைடுவால் மடிகிறது. உயரம் போதவில்லை என்றால் ரிம்மின் உதட்டுக்கும் (அதன் ஓர மடிப்பு) பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு எழும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போகும். அங்கே காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர் மட்டும்தான். இதற்குப் பேட்ச் கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். அந்த டயரோடு திண்டிவனம் வரைக்கும் போய்வருகிறேன் என்று யாராவது கிளம்பினால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும் எனக்கு.

ஆகவே வீல் விஷயத்தில் என் யோசனை, கம்பெனி உங்கள் மாடலுக்குக் கொடுத்திருக்கும் அளவுகளில் சிறிய ரிம்மைத் தேர்ந்தெடுங்கள். பெரிய ரிம்மிலிருந்து இறங்குவதாக இருந்தால் பிரேக் காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உரசாமல் சுற்றுகிறதா என்று ஒரு வீலை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரும்பு வீல் அசிங்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இரும்பு வளையும், பெரும்பாலும் பெண்டு எடுத்துச் சரிசெய்துவிடலாம். அலாய் ஓரளவுக்கு மேல் வளையாது, விரிசல் விடும். விரிசல் விட்ட அலாயில் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், யார் எவ்வளவு குறைவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் சரி.

அலாய்தான் வேண்டும் என்றால், அதுவும் பழைய அலாய் என்றால், வெளிப்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடி பெரும்பாலும் உள் உதட்டில்தான் விழும். வெளியே புத்தம் புதிதாக மின்னும் வீலை பேலன்சிங் மெஷினில் (வீலின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின்) ஏற்றிச் சுற்றவிட்டு, உள் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் பெண்டு இருக்கிறது. அப்புறம் டயரை மாட்டி, காற்றடித்து, சோப்புத் தண்ணீரை உதடு முழுக்கத் தடவுங்கள். பொடிப் பொடியாக நுரை கிளம்புகிற இடத்தில் காற்று கசிகிறது. வெளிக்கடை அலாய்களில் நடு ஓட்டை பல கார்களுக்கும் பொருந்தும்படி பெரிதாக வார்த்திருப்பார்கள். ஹப் ரிங் (நடு ஓட்டைக்குள் செருகும் வளையம்) போட்டு அந்த இடைவெளியை அடைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஜி.எஸ்.டி. சாலையில் வேகம் எடுக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது.

டயருக்கு வருவோம். 165/80 ஆர்14 வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அகலம் கேட்டால் 185/70 ஆர்14 நல்ல தேர்வு. சைடுவால் 129 மி.மீ.க்கு மேல் இருக்கிறது, மொத்த விட்டம் ஒரு சதவீதம்கூட மாறவில்லை. 185/65 ஆர்15-க்குப் பதில் 195/65 போட்டால் சைடுவால் 127 ஆகும், கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 195 அகல டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குல அகல ரிம் வேண்டும். ரிம்மின் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 88எச் என்பதுபோல ஒன்று இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். இந்த எண் பழைய டயரைவிடக் குறையவே கூடாது. எக்ஸ்.எல். என்று போட்ட டயர் கூடுதல் பாரத்துக்காகக் கட்டியது. அந்தக் கட்டுமானம் பள்ள அடியையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கும், ஓட்டம் கொஞ்சம் முரடாக இருக்கும்.

தயாரிப்பு தேதியை நீங்களே குனிந்து படியுங்கள். நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், மிஷலின் என எதை வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான். மழையில் பிடிமானம் எப்படி என்று கேட்டு வாங்குங்கள். ஜீப்புக்குப் போடுகிற கட்டை கட்டையான ஆல் டெரெயின் டயரை ஊருக்குள் ஓடும் காருக்குப் போடாதீர்கள். சத்தமும் கூடும், மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிப்பதும் சுமார்தான்.

காசு செலவில்லாத பாதுகாப்பு காற்றழுத்தம். டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும், அந்த எண்தான் கணக்கு. பள்ளம் அதிகம் என்று குறைத்து அடிக்காதீர்கள், ரிம் வளைவதற்கு முக்கியக் காரணமே அதுதான். காலையில் வண்டி சூடாகும் முன் பாருங்கள். நைட்ரஜன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

சஸ்பென்ஷனில் புதிதாக எதையும் மாட்டுவதற்கு முன்னால், இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் 'கட கட' என்று சத்தம் வந்தால் முதலில் லிங்க் ராடை (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு) சந்தேகப்படுங்கள், விலை குறைந்த சாமான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டக்' என்றால் ஸ்ட்ரட் மவுன்ட், அதாவது முன் ஷாக்கின் தலையை வண்டி உடம்போடு பிடித்திருக்கும் பாகம். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) பார்க்கச் சொல்லுங்கள். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். அலை அலையாக ஏறி இறங்கித் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், முன்னால் என்றால் முன்னால் இரண்டையும் சேர்த்து. அந்த நேரத்தில் டஸ்ட் கவரையும் பம்ப் ஸ்டாப்பையும் (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்) புதிதாகப் போட்டுவிடுங்கள். கிழிந்த கவர் வழியாகச் சேறு உள்ளே போய்த் தண்டைக் கீறி, புது ஷாக்கின் சீலையும் கெடுத்துவிடும்.

ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி வண்டியை உயர்த்துவதை நான் செய்து கொடுப்பதில்லை. ரப்பர் பிடித்திருக்கும் வளையம் சுருங்குவதில்லை. அது வாங்க வேண்டிய அடியும் ஷாக்குக்கும் மவுன்ட்டுக்கும் போய்ச் சேரும். வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டுகிறது என்றால் பெரும்பாலும் பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கம்பெனி ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பாலியூரிதேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த புஷ் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரோட்டின் அதிர்வை அப்படியே உட்காருகிறவரின் முதுகுக்கு அனுப்பும். ஊருக்குள் ரப்பர்தான் சரி. வண்டியின் கட்டமைப்பையே மாற்றுகிற வேலைகள் வேண்டாம். கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும்.

பள்ளத்தைத் தாமதமாகப் பார்த்தால் முன்னாலேயே பிரேக்கை அழுத்தி, விழும் நொடியில் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் பாரம் முன்னால் சாய்ந்து ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். பலத்த அடி விழுந்தால் அன்றைக்கே அலைன்மென்ட் பாருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். லிங்க் ராடோ புஷ்ஷோ ஆடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்து காசு வாங்குகிற கடையில் நிற்காதீர்கள், முதலில் அந்தச் சாமானை மாற்ற வேண்டும்.