பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்தால் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போங்கள்

மே மாத லீவு, பொங்கல், முன்னோருக்குப் போடும் படைப்பு, இல்லையென்றால் யார் வீட்டுக் கல்யாணமோ, ஏதோ ஒன்றைச் சாக்கிட்டு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் செட்டிநாட்டுக்கு வந்து இறங்குகிறார்கள். முதல் நாள் வீட்டுக்குள்ளேயே ஓடி, எத்தனை தூண், எத்தனை கதவு என்று எண்ணுவார்கள். மறுநாள் பட்டாலையில் போனோடு படுத்துவிடுவார்கள். உடனே நாம் காருக்குச் சொல்லி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் கோட்டை என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டுவோம். பிள்ளைக்கும் களைப்பு, நமக்கும் முட்டிவலி.

நான் சொல்வது வேறு. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் இருக்கிற நாள் முழுக்க அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். புதுப்புது இடமாகக் காட்டினால் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். ஒரே இடத்துக்கு நாலு தடவை போனால்தான் நேற்று இல்லாதது இன்று இருப்பது கண்ணில் படும். நம் ஊர்களில் அதற்கு ஊருணியையும் கண்மாயையும் விட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை.

முதலில் ஊருணி. கண்மாய் வயலுக்குத் தண்ணீர் கொடுப்பது, ஊருணி ஊருக்குக் குடிக்கக் கொடுத்தது என்ற வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். குடிக்கிற ஊருணியில் காலைக்கூட நனைக்க விட மாட்டார்கள் என்பதையும் சொல்லி, செருப்பை மேலேயே கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் வேலை: தண்ணீருக்கு மேலே தெரிகிற படிக்கட்டுகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான். ஐயா (தாத்தாவைத்தான் சொல்கிறேன்) ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் எண்ணி, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்குப் பேரேடு எழுதச் சொல்லியா கொடுக்க வேண்டும்! பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகும் வாரம் ஒருநாள் ஐயா போய் எண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அந்தப் பக்கம் பேத்தி கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். சித்திரையில் இறங்கிக்கொண்டே போன கோடு ஐப்பசி மழைக்கு மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டால், வடகிழக்குப் பருவமழையைப் பற்றி அவளுக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். போனில் “சாப்பிட்டாயா, பள்ளிக்கூடம் போனாயா” தவிர பேச ஒன்றும் இல்லை என்று வருத்தப்படுகிற ஐயாக்களுக்கு இது ரொம்பவே உதவும்.

தீபாவளிக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை உள்ளே அடைக்காதீர்கள். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், ஓட்டுச் சாய்ப்பிலிருந்து தண்ணீர் கொட்டும்போது அங்கே நிற்கவிட்டு, இதைத்தான் அந்தக் காலத்தில் கிடாரத்தில் பிடித்து வைத்தோம் என்று காட்டுங்கள். மழை விட்டதும் குடையோடு தெருவுக்கு வந்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு காகிதக் கப்பலை விட்டு அதன் பின்னாலேயே நடந்தால், அது எங்கே திரும்புகிறது, எங்கே தட்டுகிறது, கடைசியில் ஊருணிக்குப் போகும் வரத்துக்கால் எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்பது வரை தெரிந்துவிடும். பெரும்பாலும் அடைபட்டுத்தான் கிடக்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

கண்மாய்க்கு விடிந்ததும் போங்கள். ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல். இந்த ஊர் வெயிலில் செம்புறாங்கல் தரை சூடேறினால் பெரியவருக்கும் ஆகாது, சின்னவருக்கும் ஆகாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஒரு தூக்கில் தண்ணீர், ஒரு டப்பாவில் நாலு மாவுருண்டை, பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கைத்தடி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் தட்டிக்கொண்டே நடக்க உதவும், மடையையும் கலுங்கையும் சுட்டிக் காட்டவும் உதவும். கரையில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, மடை வழியாக எந்த வயலுக்குப் போகிறது, நிறைந்தால் கலுங்கில் வழிந்து அடுத்த கண்மாய்க்கு எப்படிப் போகிறது என்று ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாலே ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

இப்போது பனை. பனைமரத்தடியில் ஐயாக்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் வந்தால் நுங்கு. கடையில் உரித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பதை வாங்காதீர்கள், மரம் ஏறுகிறவரிடம் சொல்லிக் குலையோடு இறக்கச் சொல்லுங்கள், கேட்கிற கூலியைக் கொடுங்கள். காயின் தலையைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண் தெரியும். ஸ்பூன் கொடுக்கக் கூடாது. கட்டை விரலைக் கண்ணுக்குள் விட்டு, ஓரமாக ஒரு நெம்பு நெம்பி, வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் முழங்கை வரை வழியும், சட்டையில் படும், பட்டால் கறை போகாது, அதனால் பழைய சட்டை. தின்று முடித்த காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, நடுவில் கவட்டைக் கம்பைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. ஐயா ஒன்றைச் செய்து காட்டிவிட்டு இரண்டாவதை அவன் கையிலேயே விட்டுவிடட்டும், கோணலாகப் போனாலும் அது அவன் வண்டி. எல்லாப் பனையும் காய்க்காது, ஆண்பனை வேறு பெண்பனை வேறு என்பதைத் தூரத்திலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஐயாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார், பிள்ளைக்கு அவர் மேல் ஒரு மரியாதை வரும்.

இதில் இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும்போது கொட்டைகளைப் பொறுக்கி வைத்து, பொலபொலப்பான மண்ணில் நெருக்கமாக அடுக்கி, மேலே மணல் போட்டு மூடிவிட்டால் மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் அந்த மாதம் வர முடியாது என்றால் ஐயாவே வீடியோ காலில் காட்டிக்கொண்டே போடலாம், எந்த வரிசை யாருடையது என்று குச்சி நட்டுப் பெயர் எழுதி வைக்கலாம். பொங்கலுக்கு வந்ததும் அவரவர் வரிசையை அவரவர் தோண்டுவார்கள். கிழங்கு கீழே இறங்கியிருக்கும், மேலே கொட்டை தனியாகக் கிடக்கும். அந்தக் கொட்டையைப் பெரியவர் யாராவது அரிவாளால் பிளந்து கொடுத்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, இனிப்பாக ஒரு பண்டம் இருக்கும், தவுண் என்போம். கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, நடுநரம்பை உரித்துப் போட்டுவிட்டுத் தின்னுங்கள். எல்லாவற்றையும் தோண்டிவிடாதீர்கள், நாலைந்து கொட்டையைக் கண்மாய்க்கரையில் ஆளுக்கொன்றாக நட்டுவிட்டு வாருங்கள். பனை காய்ப்புக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகும், நட்டவன் அதற்குள் காலேஜுக்குப் போயிருப்பான்.

நடக்க முடியாத அப்பத்தாக்களும் ஆயாக்களும் இதையெல்லாம் படித்துவிட்டு ஏங்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே பனை ஓலையைக் கிழித்துக் கொட்டான் (ஓலைக் கூடை) பின்னக் கற்றுக்கொடுக்கலாம். பிள்ளைக்குப் பெரிய கொட்டான் வராது, விரல் அளவுக்கு ஒன்று போதும். ஓலையும் கருவேல முள்ளும் இருந்தால் காற்றாடி. காலையில் வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டுவிட்டு, எறும்பு வரும் வரை காத்திருந்து, மாவை எங்கே தூக்கிக்கொண்டு போகிறது என்று பேத்தியைப் பின்தொடரச் சொல்லுங்கள். தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, எறும்பு ஒரு குறுணையைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு படியேறுவதை என் பேத்தி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு குழம்பே வைத்து இறக்கிவிட்டேன். ராத்திரியில் நாற்காலியை மொட்டை மாடியிலோ வாசலிலோ போட்டு, சித்திரை வைகாசி என்றால் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பார்த்து, வாலில் நடு நட்சத்திரமான வசிட்டருக்குப் பக்கத்தில் மங்கலாக ஒட்டியிருக்கிற அருந்ததி யாருக்குத் தெரிகிறது என்று போட்டி வைக்கலாம். நமக்குத் தெரியாது. பிள்ளை காட்டும்.

பறவைகளுக்கு மார்கழி, தை. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகிற வழியில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் இருக்கின்றன, 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகள் பயந்துவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நத்தைக்குத்தி நாரை, வக்கா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து கூடு கட்டும். நான் ஒரே இடம் என்றேனே, இது ஒன்றுக்குக் காரை எடுக்கலாம். ஆனால் மழை பொய்த்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இருக்காது, பறவையும் இருக்காது, அந்தப் பக்கம் யாரையாவது விசாரித்துக்கொண்டு போங்கள். பைனாகுலர் வாங்குவதானால் எட்டு மடங்கு பெருக்குவது போதும், அதற்கு மேல் போனால் நடுங்குகிற கையிலும் சின்னக் கையிலும் படம் ஆடும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கும், 2015இலிருந்து நடக்கிறது. எந்த இடத்திலும் கால் மணி நேரம் நின்று பார்த்த பறவைகளை ஈபேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். உங்கள் ஊர்க் கண்மாயையே கணக்கில் சேர்க்கலாம். ஐயா பார்த்துச் சொல்ல, பேத்தி எழுத, போனும் ஒரு உருப்படியான வேலைக்கு வரும். கண் மங்கியவர்கள் காதை வைத்துக்கொண்டே பாதிக் கணக்கைச் சொல்லிவிடலாம்: ஆள்காட்டி, செம்போத்து, மயில், தவிட்டுக்குருவிக் கூட்டம், இவையெல்லாம் சத்தம் போடாமல் இருந்தால்தான் அதிசயம். கிணற்றுக்கு மேலே சாய்ந்த பனையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால், பாதியில் நிற்கிற கூடுகளைக் காட்டுங்கள். கட்டுவது ஆண், பார்த்துச் சம்மதிப்பது பெண், பிடிக்காவிட்டால் அப்படியே கிடக்கும். கீழே விழுந்த பழைய கூட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம், தொங்குகிற கூட்டைத் தொடக் கூடாது.

கோடையில் தண்ணீர் வற்றும்போது சுற்றுவட்டாரக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடி சாமான்களோடு ஊரே இறங்கும். பிள்ளையைக் கரையில் நிறுத்திப் பார்க்க வைத்தால் போதும், அந்தக் கூட்டத்தில் இறக்க வேண்டாம்.

ஜாக்கிரதை விஷயத்தில் நான் கறார். மண் அள்ளிய குழி தண்ணீருக்கடியில் தெரியாது, அதனால் நீச்சல் தெரிந்தாலும் கண்மாயில் இறங்கக் கூடாது. காலில் கனமான செருப்பு அல்லது ஷூ, சீமைக்கருவேல முள் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். சூரை, காரை, இலந்தை, சங்கம்பழம் எதுவானாலும், கூட வருகிற பெரியவர் சின்ன வயதில் தின்றது, இப்போது பார்த்ததும் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது, அது மட்டும்தான் வாய்க்குப் போகலாம். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று பொறுக்குவார்கள், மென்றால் விஷம், சின்னப் பிள்ளை கையில் தரவே வேண்டாம். கல்லைப் புரட்டுவது, புற்றுக்குள் குச்சி விடுவது கிடையாது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். ஐயனார் கோயில் காட்டுக்குப் போனால் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காமல் வாருங்கள். சாமி குற்றம் என்று நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அந்த மரங்கள் இன்னும் நிற்பதற்கு அந்தப் பயம்தான் காரணம்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. நீங்கள் கூட வராமல் இருந்தால் நல்லது. வந்தால் “அது ரிசர்வாயர் மாதிரிடா கண்ணா” என்று நடுவில் புகுந்து விளக்குவீர்கள், ஐயா பேச்சை நிறுத்திவிடுவார். பத்தடி பின்னால் நடந்து வாருங்கள், படம் எடுப்பதானால் ஒன்றோடு நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் செம்மண் ஒட்டிய துணியைத் தனி வாளியில் உடனே ஊறப் போட்டுவிடுங்கள், காய்ந்தால் அந்தச் சிவப்பு லேசில் போகாது.