வெளிநாட்டுல இருந்துக்கிட்டு சென்னை வீட்ட வாடகைக்கு விடுறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

நாங்க மெல்போர்ன் வந்து ஆறு வருஷம் ஆச்சு, மேடவாக்கம் ஃப்ளாட்ட வாடகைக்கு விட்டுட்டுத்தான் வந்தோம். பண்ணதுலயே பெரிய தப்பு, "அப்பா இருக்காரு, பாத்துக்குவாரு"ன்னு சாவிய அவர் கைல குடுத்துட்டு ஃப்ளைட் ஏறினதுதான். அவருக்கு அப்பவே 71 வயசு. சிங்க் அடைச்சுக்கிச்சுன்னு டெனன்ட் போன் பண்ணா அம்பத்தூர்லேர்ந்து பஸ் மாறி மாறி வருவாரு, பிளம்பர் வர்ற வரைக்கும் படிக்கட்டுலயே உக்காந்திருப்பாரு. ஒரு மே மாசம் லிஃப்ட் ஓடல, மூணு மாடி ஏறி மயக்கமே வந்துடுச்சு. எங்ககிட்ட மூச்சு விடல, டெனன்ட்டோட வைஃப் "அங்கிளுக்கு மோர் குடுத்து உக்கார வெச்சேங்க"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்பினப்பதான் தெரியும். அன்னிக்கு நைட்டு எனக்குத் தூக்கமே இல்ல.

அதனால தயவுசெஞ்சு வயசான அப்பா அம்மா தலையில இதக் கட்டாதீங்க. மாசம் ஒரு தொகை குடுத்து அதே அபார்ட்மென்ட்ல பொறுப்பா இருக்கற ஒருத்தர்கிட்ட ஒப்படைங்க, பிளம்பர் எலெக்ட்ரீஷியன் நம்பரெல்லாம் டெனன்ட்டுக்கே குடுத்துடுங்க, 2,000 ரூபாய்க்குள்ள ஆகற ரிப்பேர டெனன்ட்டே பாத்து பில் அனுப்பணும், வாடகைல கழிச்சுக்கலாம்னு அக்ரிமென்ட்லயே எழுதிடுங்க. பாதி போன் கால் நின்னுடும்.

அடுத்தது டிடிஎஸ், அதாவது வாடகை குடுக்கும்போதே டெனன்ட் பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டற வருமான வரி. மாசம் 50,000 தாண்டினாத்தான் பிடிக்கணும்னு நிறைய பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது ஊர்லயே இருக்கற ஓனருக்கு. ஓனர் என்ஆர்ஐன்னா, அதாவது நம்மள மாதிரி வெளிநாட்டுல இருக்கறவர்னா, வாடகை எவ்வளவு கம்மியா இருந்தாலும் டெனன்ட் 31.2 சதவீதம் பிடிச்சு கட்டணும், அதாவது 20,000 வாடகைன்னா 6,240. அதுக்கு டெனன்ட் டான் நம்பர் (வரி பிடிச்சு கட்டறவங்களுக்கான நம்பர்) வாங்கணும், மூணு மாசத்துக்கு ஒருதடவை ரிட்டர்ன் போடணும். இத மறைச்சு வீட்ட விட்டா நாளைக்கு நோட்டீஸ் போறது ஒண்ணும் தெரியாத அந்த மனுஷனுக்குத்தான், அது பாவம் இல்லையா? முதல்லயே சொல்லிடுங்க, ஆடிட்டர் செலவ நீங்க ஏத்துக்குங்க. கூடுதலா பிடிச்சது நீங்க ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும், இல்ல முன்கூட்டியே அப்ளை பண்ணி கம்மியா பிடிக்கறதுக்கு சர்ட்டிஃபிகேட் வாங்கலாம்.

வாடகை வழக்கமா வர்றது என்ஆர்ஓ அக்கவுண்ட்டுக்கு, அதாவது என்ஆர்ஐங்க இந்தியாவுல வர்ற வருமானத்தப் போட்டு வைக்கற பேங்க் அக்கவுண்ட்டுக்கு. பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்ட அப்படியே வெச்சிருக்கறது ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தப்பு. ஆஸ்திரேலியால பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) ஆயிட்டா இந்த வாடகைய இங்கயும் வருமானமா காட்டணும், அங்க கட்டின வரிய கழிச்சுக்கலாம்.

பவர், அதாவது உங்க சார்பா வீட்டு விஷயத்தப் பாத்துக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுக்கற பத்திரம், எழுதிக் குடுக்கும்போது அவசரப்படாதீங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தர், யாரோ டைப் பண்ணிக் குடுத்த பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டாரு, அப்புறம் பாத்தா அதுல வீட்ட விக்கற அதிகாரமும் சேந்து இருக்கு. வாடகைக்கு விட, வசூல் பண்ண, காலி பண்ண வைக்க, இது மட்டும் போதும், விக்கற உரிமை கூடவே கூடாது. இந்தியன் கான்சுலேட்ல அட்டெஸ்ட் வாங்கி அனுப்பினீங்கன்னா, அது ஊர் போய்ச் சேந்த மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ஸ்டாம்ப் டியூட்டி கட்டிடணும்.

பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டா ரிஜிஸ்டர் பண்ணவே வேண்டாம்ங்கறது பழைய கதை. 2019 பிப்ரவரிலேர்ந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் இருக்கு, எத்தன மாசமா இருந்தாலும் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், இல்லன்னா டெனன்ட் காலி பண்ண மாட்டேன்னு நின்னா வாடகை கோர்ட்டுக்குப் போறதே சிக்கலாயிடும்.

சாவி குடுக்கற அன்னிக்கு ஈபி மீட்டர் ரீடிங், கீசர், சிம்னி, பாத்ரூம் டைல்ஸ் எல்லாத்தையும் வீடியோ எடுத்து டெனன்ட்டுக்கும் அனுப்பி வைங்க. அப்புறம் அந்தப் பழைய இந்தியா சிம்ம மட்டும் சாக விட்டுடாதீங்க, பேங்க் ஓடிபி, ஈபி பில் மெசேஜ் எல்லாம் அதுக்குத்தான் வரும். நாங்க ரீசார்ஜ் பண்ண மறந்த ஒரே ஒரு தடவை, பில் மெசேஜ் வராம பணம் கட்டாம விட்டு, டெனன்ட் வீட்டுக் கொழந்தைக்கு பரீட்சை நேரத்துல கரண்ட்ட கட் பண்ணிட்டுப் போயிட்டாங்க.