மூன்று டார்ச், ஒரு வெள்ளைச் சுவர்: ஒளியில் நிறம் கலக்கலாம் வாங்க

சிவப்புப் பெயிண்ட்டையும் பச்சைப் பெயிண்ட்டையும் குழைத்தால் சேற்று நிறம்தான் வரும். ஓவிய வகுப்பில் கை அழுக்கான எல்லோருக்கும் இது தெரியும். அதே சிவப்பும் பச்சையும் வெளிச்சமாக வந்து ஒரே இடத்தில் விழுந்தால் மஞ்சள் வரும். நான் சொல்வதற்காக நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஆயா வீடோ அப்பத்தா வீடோ பழைய வீடாக இருந்தால், காசே செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. அது கொஞ்சம் கீழே வருகிறது.

சாமான்கள்

ஒரே மாதிரி டார்ச் மூன்று. செல்போன் டார்ச்சும் போதும். ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள். ரப்பர் பேண்டு, பென்சில், வெள்ளை சார்ட் பேப்பர்.

வளவுச் சுவரே (வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய சுவர்) வெள்ளையாகத்தானே இருக்கிறது, சார்ட் எதற்கு என்று கேட்பீர்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. டார்ச் அடித்தால் பாதி வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய்விடும். மினுமினுப்பு இல்லாத சார்ட்தான் நிறத்தைச் சரியாகக் காட்டும்.

படி 1: இரண்டு டார்ச்

டார்ச்சின் வாயில் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். ஒரு மடிப்பு என்றால் மற்ற நிறங்களும் கசியும். அறையை இருட்டாக்கி, சிவப்பையும் பச்சையையும் சார்ட்டில் அடித்து, இரண்டு வட்டமும் பாதி பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பிடியுங்கள். ஏறிய இடம் மஞ்சள்.

ஆரஞ்சாகத் தெரிந்தால் சிவப்பு அதிகம். அந்த டார்ச்சைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சுவரில் வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடும் என்பதால் சிறிது நகர்த்தினாலே போதும்.

படி 2: மூன்றாவது டார்ச்

பச்சையோடு நீலம் சேர்ந்தால் சயான். துணிக்கடையில் ராமர் கலர் என்று எடுத்துப் போடுவார்களே, கிட்டத்தட்ட அது. சிவப்போடு நீலம் சேர்ந்தால் மெஜந்தா, அதாவது ராணிக் கலர். மூன்றும் ஒன்றாக விழுந்த இடம் வெள்ளை.

முதல் தடவையே சுத்த வெள்ளை வராது. பெரும்பாலும் நீலம்தான் மங்கலாக இருக்கும், ஏனென்றால் நம் கண்ணுக்குப் பச்சை எடுப்பாகத் தெரியும் அளவுக்கு நீலம் தெரியாது. நீல டார்ச்சைச் சுவருக்குக் கிட்டே கொண்டுவாருங்கள்.

படி 3: நிழல்

எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. மூன்று டார்ச்சையும் ஒரு சாண் இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, ஒரே இடத்தில் அடியுங்கள். சார்ட்டுக்கு முன்னால் பென்சிலை நிறுத்துங்கள். கறுப்பு நிழல் ஒன்று விழும் என்றுதானே நினைப்பீர்கள்? சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று நிழல் விழும்.

பென்சில் சிவப்பு டார்ச்சை மறைத்த இடத்துக்குப் பச்சையும் நீலமும் வந்து சேர்கின்றன, அதனால் அந்த நிழல் சயான். மற்ற இரண்டும் ஏன் அப்படி என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இனி பென்சிலை மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்த்துங்கள். நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரண்டு நிழல் ஏறிய இடத்துக்கு ஒரே ஒரு டார்ச்சின் ஒளிதான் வரும், அங்கே அதன் நிறம் மட்டும். மூன்றும் ஏறினால்தான் கறுப்பு.

டார்ச் கையில் இருக்கும்போதே, அப்பத்தாவிடம் கேட்டு ஒரு சிவப்புக் கண்டாங்கிச் சேலையை எடுத்துப் பச்சை டார்ச்சை மட்டும் அடித்துப் பாருங்கள். சிவப்பு கறுத்துப் போகும்.

படி 4: கலர்க் கண்ணாடிச் சன்னல்

பழைய வீட்டுச் சன்னலுக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி பதித்திருப்பார்கள். வெயில் அடிக்கும் நேரத்தில் ஆத்தங்குடிக் கல் தரையில் நிறம் நிறமாக விழும். ஆனால் சூரியன் ஒரே பக்கமிருந்து வருவதால் சிவப்புத் திட்டு தனி, பச்சைத் திட்டு தனி. இரண்டும் கலப்பதே இல்லை. கலக்க வைக்க ஒரு சின்ன முகக்கண்ணாடி போதும்.

சார்ட்டைப் பச்சைத் திட்டு விழும் இடத்தில் வையுங்கள். சிவப்புத் திட்டுக்குள் முகக்கண்ணாடியைப் பிடித்து, அந்தச் சிவப்பைத் திருப்பிப் பச்சையின்மேல் விழ வையுங்கள். சார்ட்டில் மஞ்சள் வரும். சூரியனைக் கண்ணாடி வழியாகவும் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் கண்ணில் அடிக்கவும் கூடாது.

இப்போது சிவப்புத் தாள், பச்சைத் தாள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன் வழியே சன்னலைப் பாருங்கள். கிட்டத்தட்ட இருட்டு! சிவப்புத் தாள் சிவப்பை மட்டும் விடும், பச்சைத் தாள் அதையும் நிறுத்திவிடும். பெயிண்ட்டும், ஆத்தங்குடிக் கல்லில் ஊற்றும் கலர்ச் சாந்தும் இந்த வகைதான். ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். டார்ச் அப்படியில்லை, மொய்ப்பணம் மாதிரி ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும்.

ஏன் மஞ்சள்?

நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. வானவில்லின் மஞ்சள், சுமார் 580 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, அவற்றில் இரண்டு வகையைத் தட்டி எழுப்பும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வந்தாலும் அதே இரண்டு வகைதான் எழும். மூளைக்கு இரண்டும் ஒன்றுதான். சுவரில் இருப்பது இன்னமும் சிவப்பும் பச்சையும்தான், மஞ்சள் உங்கள் தலைக்குள் உண்டாகிறது. இதை வைத்துத்தான் இயற்பியல் விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1861-இல் லண்டனில் ஒரு கட்டம் போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி வழியாகத் தனித்தனியே எடுத்த படங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வைத்து வண்ணப்படம் காட்டினார்.

படி 5: கையில் இருக்கும் போன்

போனில் முழுக்க மஞ்சளான ஒரு படத்தைத் திறந்து, மேஜையில் படுக்க வையுங்கள். குச்சி நுனியால் தொட்டு, கடுகைவிடச் சின்னத் தண்ணீர்த் துளி ஒன்றைத் திரையில் வையுங்கள். துளி பூதக்கண்ணாடியாகிவிடும். உற்றுப் பார்த்தால் மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது; சிவப்பும் பச்சையும்தான் எரியும். வெள்ளைப் படம் போட்டால் நீலப் புள்ளிகளும் கூடச் சேர்ந்து எரியும். பார்த்து முடித்ததும் துணியால் துடைத்துவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுங்கள்.