கிலாவேயா வீங்குகிறதா? ஜிபிஎஸ் தரவை வைத்து நீங்களே பார்க்கலாம்

ஹவாயின் கிலாவேயா எரிமலைக்கு அடியில் மாக்மா சேர்ந்தால் மேலே இருக்கும் தரை உயரும், நாலாபக்கமும் விரியும். அங்கே நிரந்தரமாக நட்டு வைத்திருக்கும் ஜிபிஎஸ் ஆன்டெனாக்களின் தினசரி இருப்பிடத்தை நெவாடா பல்கலைக்கழகத்தின் புவி அளவியல் ஆய்வகம் கணக்கிட்டு இலவசமாகத் தருகிறது. எக்ஸெல் தெரிந்தால் போதும்.

உச்சிப் பெருங்குழியின் வடமேற்கில் இருப்பது யுடபிள்யூஇவி (UWEV) என்ற ஜிபிஎஸ் ஸ்டேஷன், எதிர்ப்பக்கம் சிஆர்ஐஎம் (CRIM). இரண்டின் கோப்புகளையும் இறக்குங்கள். ஒன்றை மட்டும் வரைந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் ஹவாயைச் சுமக்கும் பாறைத் தகடான பசிபிக் தட்டே வருடத்துக்குச் சுமார் 7 செ.மீ. வடமேற்காக நகர்கிறது, எரிமலை சும்மா கிடந்தாலும் கோடு சாய்ந்துதான் போகும். அதனால் இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். ஸ்டேஷனின் இருப்பிடத்தை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்களாகத் தரும் கோப்பு என்றால் சுலபம்: ஒரே தேதியின் மூன்று வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சரி. தூரம் கூடினால் வீக்கம், குறைந்தால் வடிகிறது.

திடீரென்று ஒரு தாவல் தெரிந்தால் உடனே குதிக்காதீர்கள். ஆன்டெனாவை மாற்றியிருக்கலாம், நிலநடுக்கமும் இருக்கலாம் (2018 மே 4 அன்று 6.9 அளவு). இந்தத் தேதிகளுக்கென்றே அதே ஆய்வகம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.

உயரத்தை அவ்வளவு நம்ப வேண்டாம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால், காற்றின் ஈரப்பதம் செய்யும் பிழை நேராக உயரத்தில் போய் விழும். பக்கவாட்டைவிட இரண்டு மூன்று மடங்கு ஆட்டம் இருக்கும்.

அப்புறம், எனக்குப் பிடித்த கணக்கு. மாக்மா ஒரு புள்ளியில் சேர்வதாக வைத்துக்கொண்டு ஜப்பானியர் மோகி 1958-இல் தந்த மாதிரிப்படி, ஆழம் = வீக்கத்தின் மையத்திலிருந்து ஸ்டேஷனின் தூரம் × உயர்வு ÷ பக்கவாட்டு விலகல். 2 கி.மீ. தள்ளி இருப்பது 3 செ.மீ. உயர்ந்து 3 செ.மீ. விலகினால் ஆழமும் 2 கி.மீ. இதற்கு முன்னே பார்த்த இரண்டு ஸ்டேஷன்களின் இடைத்தூரம் உதவாது, தனி ஸ்டேஷனின் நகர்வுதான் வேண்டும். அதிலிருந்து மவுனா கேயா மலையில் உள்ள எம்கேஇஏ (MKEA) ஸ்டேஷனின் நகர்வைக் கழித்தால் தட்டின் பங்கு பெரும்பாலும் போய்விடும். விடை தோராயம்தான், மாக்மா ஒரு புள்ளியில் உட்கார்ந்திருக்காதே.

2024 டிசம்பரில் தொடங்கிய வெடிப்பில் வரும் லாவா ஊற்றுகள் பலவும் ஒரு நாள்கூட நீடிக்காமல் அடங்கிவிடுகின்றன. தினசரி தரவில் அது வெறும் ஒரு சின்ன மடிப்பு. மணிக்கணக்கில் பார்க்க வேண்டுமென்றால் தரையின் சாய்வை அளக்கும் டில்ட்மீட்டர் தரவுக்குத்தான் போக வேண்டும்.