கோயில் தொண்டும் உள்நோக்கும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சைவ நெறி, உடலால் செய்யும் கோயில் தொண்டாகிய சரியையைத்தான் முதற்படியாக வைக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதிகளில் புல் செதுக்கிய அப்பர் சுவாமிகளே அதற்கு முன்மாதிரி. கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ செதுக்கப் புல் கிடைப்பது அரிது. தேய்க்க விளக்குகள் உண்டு.

முதலில், பூசை முடிந்தபின் ஆலய நிர்வாகத்தினரிடம், "ஒருவரும் விரும்பிச் செய்யாத வேலை எது?" என்று கேளுங்கள். அதையே வாரம் ஒரு மணித்தியாலம் ஏற்றுக்கொள்ளுங்கள். பந்தியில் பரிமாறினால் நன்றி உடனே கிடைக்கும். எச்சில் இலை எடுப்பவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பயிற்சி அங்கேதான்.

தொடங்குமுன் 5 நிமிடம் அமைதியாக இருந்து, "இன்று நான் செய்வதை யார் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முகம் வரும். அதை விரட்டாமல், வந்ததை ஒப்புக்கொண்டு எழும்புங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். ஒரு படம் எடுத்தாலும் வேலை முகநூலுக்கு ஆகிவிடும்.

குத்துவிளக்குத் தந்தால் பகுதிகளைத் திருகிக் கழற்றுங்கள். பழைய எண்ணெயைக் கடதாசியால் துடைத்த பிறகே தண்ணீர். பிசுக்கு இருந்தால் புளி பிடிக்காது. தேசிக்காயளவு பழப்புளியை இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் ஊறவைத்துத் தேயுங்கள். கழுவியதும் உலர்ந்த துணியால் ஈரம் முழுதும் போகத் துடையுங்கள். ஈரம் நின்றால் பித்தளையில் கறுப்புப் புள்ளி விழும், கொழும்புக் கடற்காற்றில் இன்னும் சீக்கிரமாக. அடிப்பீடத்தின் உட்புறம் யார் கண்ணிலும் படாது. அதைத் தேய்க்கும்போது "இவ்வளவும் காணும்" என்று மனம் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைப் பிடிக்கத்தான் இத்தனை பாடும்.

கடினமான இடம் இனித்தான். மூத்த தொண்டர் ஒருவர் வந்து, "தங்கச்சி, இப்பிடித் தேய்க்கக் கூடாது" என்பார். காரணம் சொல்ல நாக்குத் துடிக்கும். மூன்று மூச்சு விட்டு, "சரி அக்கா, காட்டித் தாங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள்.

இரவில் ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே மனம் சுருங்கியது? யாரோடு என்னை ஒப்பிட்டேன்? "நான் கெட்டவள்" என்று எழுதுவது பலர் விடும் பிழை. அதிலும் 'நான்'தான் நடுவில் நிற்கிறது. நடந்ததை மட்டும் எழுதுங்கள். வீட்டில் அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பை கழுவாமல் கிடந்தால் அதையும் எழுதி, மறுநாள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

வரமுடியாத வாரத்தில் முதல் நாளே நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள். உங்களை நம்பி விளக்குகளைத் தேய்க்காமல் வைத்திருப்பார்கள்.