பதிப்பு எண்ணுக்கும் இடம் தீரும்

4.4.256 என்று புள்ளி வைத்து எழுதும் பதிப்பு எண்ணை, நிரல்கள் பல இடங்களில் ஒரே முழு எண்ணாக மடித்து வைத்துக்கொள்கின்றன. அப்போதுதான் எது புதியது என்று ஒப்பிடுவது எளிது. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பிட் (0 அல்லது 1 கொள்ளும் இடம்) ஒதுக்கினோம் என்பதை மறப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், தன் பதிப்பு எண்ணின் கடைசிப் பகுதிக்கு ஒதுக்கியது 8 பிட். 255 வரைதான் கொள்ளும். நெடுங்காலம் பராமரிக்கப்பட்ட 4.4, 4.9 வரிசைகள் 2021 பிப்ரவரியில் 256-ஐத் தொட்டன. 4.4.256-இல் முதல் 4-ஐ 65,536-ஆல் பெருக்கி, அடுத்த 4-ஐ 256-ஆல் பெருக்கி, இரண்டோடும் 256-ஐக் கூட்டிப் பாருங்கள். 4.5.0-க்கு உரிய எண்ணே விடையாக வரும்! அதை நம்பும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்), பழைய கெர்னலில் இல்லாத வசதியைத் தேடும். அதனால் 255-ஐத் தாண்டினாலும் மடித்த எண்ணில் 255 என்றே நிற்கும்படி செய்தார்கள். அதுவே சரியான முடிவு என்பேன். பிட்களை மாற்றிப் பங்கிட்டிருந்தால், பழைய கணக்கை நம்பித் தொகுக்கப்பட்ட நிரல்கள் எல்லாம் குழம்பியிருக்கும். ஆனால் 4.4 வரிசை 302 வரை சென்றது. மடித்த எண்ணை மட்டும் பார்த்தால் 257-க்கும் 302-க்கும் வேறுபாடு தெரியாது. டிரைவர் எழுதுகிறவர்கள் அந்த எண்ணைச் சோதிப்பதை விட்டு, தேவையான வசதி இருக்கிறதா என்று தொகுக்கும்போதே நேரடியாகச் சோதிக்க வேண்டும்.

தேதியையே பதிப்பு எண்ணாக்குவது இன்னொரு தவறு. பார்க்க அழகாக இருப்பதால் பலரும் இதில் விழுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சின் தீநிரல் சோதனைப் பகுதி 2022 ஜனவரி 1 அன்று 2201010001 (ஆண்டு 22, மாதம் 01, நாள் 01, பிறகு 0001) என்ற எண்ணைச் சந்தித்தது. குறியுள்ள (கூட்டல், கழித்தல் இரண்டும் ஏற்கும்) 32 பிட் எண்ணின் உச்சம் 2147483647. சோதனைப் பகுதி செயலிழந்தது. மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கின. புத்தாண்டு நாளில் நிர்வாகிகள் வேலைக்கு ஓட வேண்டியதாயிற்று. திருத்தமாக வந்த எண் 2112330001, அதாவது 2021 டிசம்பர் 33! நாட்காட்டியில் இல்லாத நாள்தான், ஆனால் உச்சத்துக்குள் அடங்கியது.

எழுத்துச் சரமாக வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்த நிரல்களுக்குப் பைத்தான் நிரல்மொழியின் 3.10 பதிப்பு, 3.1 ஆகத் தெரிந்தது. புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எண்ணாக ஒப்பிடுங்கள்.

ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கூகுள் பிளே ஏற்கும் உச்சப் பதிப்பு எண் 2100000000. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று இவ்விரண்டாகப் பத்து இலக்கங்களை அடுக்கினால் 2021 ஜனவரி 1 அன்றே அந்த உச்சம் கடந்துவிடும். உச்ச எண்ணிலேயே ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அதைவிடப் பெரிய எண்ணுக்கு இடமில்லை. சிறிய எண்ணைப் புதுப்பிப்பாகக் கொடுக்கவும் வழியில்லை. பிறகு புதிய பெயரில் வேறொரு செயலியாக வெளியிட்டு, பயனர் ஒவ்வொருவரையும் மறுபடி நிறுவச் சொல்ல வேண்டியதுதான்.