சுரங்கச் சேற்றைத் தேக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

செம்புச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் பெரும்பாலும் பத்து கிலோ செம்புகூடத் தேறாது. மீதி அத்தனையும் தண்ணீர் கலந்த நைசான சேறு. அதைத் தேக்கத்தான் கழிவு அணைகள். இவை நீர்த்தேக்கம் போல ஒரே மூச்சில் கட்டித் திறப்பு விழா நடத்தும் சமாச்சாரம் இல்லை. சுரங்கம் ஓடும்வரை அணையும் உயர்ந்துகொண்டே போகும்.

எப்படி உயர்த்துகிறார்கள் என்பதில்தான் முதல் தவறு. பிரேசிலின் புருமாடின்யோ அருகே, வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கத்தில் ஓர் அணை இருந்தது. 1976-ல் ஆரம்பித்துப் படிப்படியாக 86 மீட்டருக்கு ஏற்றியிருந்தார்கள். வயலில் வரப்பை உயர்த்த வேண்டுமானால் அடியை அகலப்படுத்திவிட்டு மேலே மண் போடுவோம். அங்கே பழைய கரைக்குப் பின்னால் தேங்கிய சேற்றின் மேலேயே அடுத்த கரையைப் போட்டார்கள். மண்ணும் இடமும் மிச்சம். ஆனால் மேல் கரைகளைத் தாங்கி நிற்பது சேறு. கடற்கரையில் ஈர மணலை ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கெட்டியாக இருந்தது தளதளவென்று நெகிழ்ந்துவிடும். அதேதான்.

2019 ஜனவரி 25, மதியம் 12.28. கண்காணிப்பு கேமராப் பதிவில் புல் முளைத்த சரிவு அமைதியாக நிற்கிறது. திடீரென்று நடுப்பகுதி முன்னால் பிதுங்குகிறது; பத்து நொடிக்குள் முழுச் சரிவும் உருகி ஓடுகிறது. 270 பேர் இறந்துபோனார்கள்.

இத்தனைக்கும் 2016-க்குப் பிறகு அந்த அணையில் கழிவே விடவில்லை. ‘மூடியாச்சு, இனி பயமில்லை’ என்ற நினைப்பு அடுத்த தவறு. உள்ளே தண்ணீர் அப்படியே இருந்தது, மேலே மழையும் பெய்தது. மூடிய சுரங்கங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கழிவில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) இருந்தால், காற்றும் நீரும் பட்டு அமிலமாகப் பல பத்தாண்டுகள் கசியும்.

அப்புறம் சான்றிதழ். 2018 செப்டம்பரில்தான் டியூவி ஸூட் நிறுவனம் அந்த அணை உறுதியாக இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தது. ஆய்வு செய்கிறவருக்குக் கூலி கொடுப்பவரே அணையின் சொந்தக்காரர் என்றால், அந்தத் தாளை எந்த அளவு நம்பலாம்? ஆய்வாளரை அரசே அமர்த்தி, கட்டணத்தை மட்டும் நிறுவனத்திடம் வாங்குவது நல்லது என்பேன்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் உணவகம். ஊழியர்கள் சாப்பிடும் இடமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே இருந்தன. சேறு வந்தது சாப்பாட்டு வேளையில். அபாயச் சங்கு ஊதவே இல்லை. அணை உடைந்தால் சேறு போகும் பாதையை வரைபடத்தில் குறித்து, அந்தப் பாதையில் ஆட்களை வைக்காமல் இருப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம்.

சட்டம் போடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1965 நிலநடுக்கத்தில் எல் கோப்ரேயில் கழிவு அணைகள் உடைந்து ஊரே புதைந்ததும், சேற்றின் மேல் கரை ஏற்றும் முறைக்குச் சிலி 1970-ல் தடை போட்டது. பிரேசில் அதைப் பார்த்துத் திருந்தவில்லை. 2015-ல் மரியானா அருகே ஓர் அணை உடைந்து 19 பேர் இறந்து, டோசே ஆறு கடல்வரை பழுப்பாக ஓடிய பிறகும் தடை வரவில்லை. புருமாடின்யோவுக்குப் பிறகுதான் வந்தது.

சரி, சேறாக விடாமல் குவியலாகக் கொட்டினால்? வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் ஊரில் நிலக்கரிக் கழிவை மலைமேல் குவித்துவந்தார்கள். ஏழாவது குவியலை நீரூற்றுகளின் மேலேயே கொட்டினார்கள். அடியில் ஊறிய நீரும் மழையும் சேர்ந்து 1966 அக்டோபர் 21 காலை குவியல் வழுக்கிப் பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். பள்ளிக்குப் பின்னால் சேறு கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் மன்றத்தின் பொறியாளர் 1963-லேயே கடிதம் எழுதியிருந்தார்.